ஏலாது என்று சொன்னவர்

மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கமாக, மூன்று மாடி முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாம் மாடியில் பேர்ணடெற் இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்களைக் குளிப்பாட்டினாள். அதுதான் அவளுடைய வேலை. காலை ஏழு மணிக்கு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனால், பதினொரு மணிக்குள் ஆறு பேரைக் குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு, சீப்பால் தலை இழுத்து, சாப்பாட்டு மண்டபத்துக்கு அனுப்பிவிடுவாள். வெந்நீரின் ஆவி எழும்பிச் சுவரையும் கண்ணாடியையும் மறைத்துவிடும். தான் முகிலுக்குள் நின்று வேலை செய்வதாகக் கணவர் கிளிபோட்டிடம் சொல்லுவாள்.

அவளுடைய கைகள் எந்தக் குளிரிலும் சூடாக இருக்கும். அங்கே இருந்த சீனத்து மூதாட்டிகளுக்கு அவள் பேசுவது ஒன்றும் விளங்காது. ஆனாலும் அவள் கையைப் பிடித்துத் தங்கள் கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள். பேர்ணடெற்றுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோவிலில், யேசு சிலுவை சுமந்ததைப் பதினான்கு படங்களில் பார்த்துச் செபிக்கிற சிலுவைப்பாதை நடக்கும்போது, ஆறாம் ஸ்தலத்தில், யேசுவின் முகத்தை ஒரு பெண் துணியால் துடைக்கிற படத்துக்கு முன்னால் அவள் மற்றவர்களைவிடச் சற்று நிமிர்ந்து நிற்பாள். அந்தப் பெண்ணின் இடம் தன்னுடைய இடம் என்று அவளுக்குத் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கைகளுக்கு மசியாதவர் ஒருவர் மட்டும் இருந்தார். அமிர்தநாதர், வயது எண்பத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். கைகால் நடுங்குகிற நோய் முற்றி, மகனால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் இங்கே வந்தவர். குளியல் நாற்காலியில் இருத்தியவுடனேயே அவருடைய உடம்பு விறைத்துவிடும்.

"பிள்ளை, கதவைச் சாத்து."

"சாத்தித்தான் கிடக்கு மாஸ்டர். இந்தா, முடிஞ்சுது."

"கதவைச் சாத்து எண்டு சொல்லுறன்."

"ஓம் ஓம், முடிஞ்சுது, முடிஞ்சுது."

ஒருநாள் அவர் நடுங்குகிற கையால் அவளைத் தள்ளிவிட்டார். அவள் கோபப்படவில்லை. "மாஸ்டருக்கு இப்ப தலையும் கொஞ்சம் குழம்பீற்றுது. சாத்தின கதவைச் சாத்தச் சொல்லுறார்" என்று அன்றைக்குக் கிளிபோட்டிடம் சொன்னாள். அதோடு அதை மறந்தும்விட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முந்திய தை மாதத்தில், ஒரு சனிக்கிழமை, தமிழ்க் கடைகள் இருக்கிற பிளாசாவில் மரக்கறி வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். முதல்நாள் பெய்த மழை உறைந்து, கார்த் தரிப்பிடம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாகக் கிடந்தது. கால் வழுக்கியது. விழும்போது எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றினாள். முருங்கைக்காய்கள் பனியின் மேல் உருண்டு போவதைப் பார்த்தபடி கிடந்தது மட்டும் அவளுக்கு ஞாபகம். நோவு பிறகுதான் வந்தது.

இரண்டு மணிக்கட்டுகளும் முறிந்திருந்தன. வலது கைக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். முழங்கைக்குக் கீழிருந்து விரல் நுனிவரை இரண்டு கைகளுக்கும் கட்டுப் போட்டு, ஆறு கிழமை அசைக்கக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்கரியில் இருந்த ஒரே மகள் ஜெனாட்டுக்குச் சத்திரசிகிச்சையில் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவள் தொலைபேசியில் அழுதாள். வர முடியவில்லை.

கைகள் இல்லாமல் ஒரு வீடு எவ்வளவு தூரமாகிவிடும் என்று பேர்ணடெற்றுக்கு அப்போதுதான் தெரிந்தது. குசினியில் தண்ணீர் இருந்தது, குடிக்க முடியாது. கதவுகள் இருந்தன, திறக்க முடியாது. மூக்கு கடிக்கும், சொறிய முடியாது. முதல்நாள் செபம் சொல்ல நினைத்துச் சிலுவை போடக் கையைத் தூக்கினாள். கட்டு நெற்றியில் பட்டு நொந்தது. கையை இறக்கிவிட்டாள்.

கிளிபோட் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். முதல் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் நின்றார். சோற்றைக் குழைத்து ஊட்டினார். தலை இழுத்தார். பின்னல் ஒரு மணித்தியாலத்தில் அவிழ்ந்துவிடும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கழிப்பறைக்குள் அவர் கூட வரவேண்டியிருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருபத்தொன்பது வருடம் ஒன்றாகப் படுத்து எழும்பியவர்கள்தான். ஆனாலும் அவர் குனிந்து நிற்கும்போது அவள் கண்களை மூடிக்கொள்வாள். ஆயிரம் பேருக்கு இதைச் செய்தவள், தனக்கென்று வந்தபோது வெட்கத்தால் செத்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். குடிக்காவிட்டால் போகத் தேவையில்லை.

"ஏன் நீர் தண்ணி குடிக்கிறீர் இல்லை?"

"தாகமில்லை."

அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அவர் மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, வாரத்தில் மூன்று காலை, அவளைக் குளிப்பாட்ட அரசாங்கத்தின் வீட்டுப் பராமரிப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் அபீனா. கானா நாட்டவள், இருபத்தாறு வயது இருக்கும். கெட்டிக்காரி. கட்டுகளைப் பிளாஸ்டிக் பையால் சுற்றி, தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையில் பார்த்து, ஒரு அசைவையும் வீணாக்காமல் வேலை செய்தாள். அவளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஈரத்துணி திடீரென்று முகத்தில் பட்டபோது பேர்ணடெற் மூச்சடைத்துப் போனாள்.

"ஆல்மோஸ்ட் டன், மம்மி" என்றாள் அபீனா அன்பாக. "ஆல்மோஸ்ட் டன், ஆல்மோஸ்ட் டன்."

வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. ஆனாலும் பேர்ணடெற்றின் கண்கள் குளியலறைக் கதவிலேயே நின்றன. யாரோ வந்துவிடுவார்கள் போல இருந்தது. கதவைச் சாத்து என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"சாத்தித்தானே இருக்கு, மம்மி" என்று அபீனா சிரித்தாள். துணி முதுகுக்குப் போனது.

அன்றைக்கு அபீனா போனபிறகு பேர்ணடெற் சோபாவில் அசையாமல் இருந்தாள். தன்னுடைய குரலைத் தானே கேட்டது போல இருந்தது. யன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. முன்வீட்டுக் கூரை, மேப்பிள் மரம், தபால் பெட்டி எல்லாம் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய்விட்டன. அவள் கடவுளோடு கோபித்தாள். "உமக்கு வேலை செய்யத்தானே இந்தக் கை ரெண்டையும் தந்தனீர். பிறகேன் பிடுங்கினனீர்?" என்று வாய்விட்டே கேட்டாள். பனிதான் விழுந்தது.

நோவுக்கு விழுங்கிய குளிசையின் மயக்கம் மதியத்தில்தான் அதிகம். அப்படி ஒரு மதியம், வெளிச்சம் வெள்ளையாக அறை முழுதும் நிறைந்திருந்த நேரத்தில், அவள் அந்தக் கனவைக் கண்டாள்.

இல்லத்தின் குளியலறை. அதே முகில். அவளுடைய கைகள் சுகமாக இருந்தன. அவள் துவாயோடு வந்தாள். குளியல் நாற்காலியில் ஒருவர் முதுகு காட்டி இருந்தார். மெலிந்த தோள், குளிரில் நடுங்கியது. அமிர்தநாதர் மாஸ்டர் என்றுதான் நினைத்தாள். முன்பக்கம் வந்தாள். முகம் ஆவியில் சரியாகத் தெரியவில்லை. நாற்காலியின் கைபிடிகளில் கிடந்த கைகள் தெரிந்தன. இரண்டு உள்ளங்கைகளின் நடுவிலும் காயம். யாரென்று தெரிந்தும் அவளுக்குப் பயம் வரவில்லை. வேலைதான் ஞாபகம் வந்தது.

"கையை ஒருக்கா உயர்த்துங்கோ, கழுவ வேணும்" என்றாள்.

"ஏலாது, பிள்ளை" என்றார் அவர்.

அதில் முறைப்பாடு இல்லை. இல்லத்தில் யாரும் சொல்வது போலத்தான் சொன்னார். அவள் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாகச் சொல்கிற சொல் வாயில் வரவில்லை. தண்ணீர் எங்கேயோ ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடமிருந்து எதையோ எதிர்பார்ப்பவர் போலவும், அவசரமே இல்லாதவர் போலவும் இருந்தார். முகில் இருவரையும் மூடிக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிருந்தது. துடைக்க முடியாமல் கிடந்தாள். விடியற்காலை வேலை முடிந்து ஒன்றரை மணிக்குக் கிளிபோட் வந்தார். மா படிந்த வேலைக் கோட்டைக் கழற்றாமலே பக்கத்தில் வந்து இருந்தார்.

"அழுதனீரோ?"

"ஓம்."

கைலேஞ்சியை எடுத்து முதலில் கண்ணை, பிறகு காதுக்குள்ளும் துடைத்தார். அவள் கனவைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு விளங்கேல்லை" என்றாள். "கடவுளே ஏலாதெண்டு சொன்னா நாங்கள் ஆரிட்டைப் போறது?"

கிளிபோட் கைலேஞ்சியை மடித்து வைத்தார்.

"சிலுவையில அவர் ஏலாமத்தானே கிடந்தவர்" என்றார். "ரெண்டு கையையும் அடிச்சுப் போட்டாங்கள். முகத்தில ஈ இருந்தாலும் கலைக்க ஏலாது. தண்ணிகூட வேற ஆக்களிட்டைத்தான் கேட்டவர். சின்னனிலயிருந்து எத்தினை பெரிய வெள்ளிக்கு நான் இதைக் கேட்டிருப்பன். இப்ப உம்மைப் பாக்கேக்கதான் அது என்னண்டு தெரியுது."

பேர்ணடெற் கட்டுப் போட்ட தன் கைகளைப் பார்த்தாள்.

"அவர் மேல நிண்டு எங்களைப் பாத்து ஐயோ பாவம் எண்டு சொல்லேல்லை, பேர்ணடெற். அவருக்கும் இது நடந்திருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. சங்கடப்பட்டவர்போல எழுந்து வேலைக் கோட்டைக் கழற்றினார். அப்போது அவள் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, எனக்குத் தாகமாத்தான் இருக்கு. நாலைஞ்சு நாளா."

அவர் தண்ணீர் கொண்டுவந்து பிடித்தார். அவள் முழுக் கோப்பையும் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அன்று பின்னேரம் குசினித் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, அவளுடைய தலையைச் சாய்த்து வைத்து அவர் முழுகவார்த்தார். ஷாம்பு கண்ணுக்குள் போனது. நிலமெல்லாம் தண்ணீர். அவள் கண்களை மூடவில்லை. அவருடைய நாடியின் அடிப்பக்கத்தையும் மூக்குக்கண்ணாடியில் படிந்த நீர்த்துளிகளையும் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கோணத்திலிருந்து அவரைப் பார்த்ததில்லை. கிழடாகிவிட்டார் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இனிமையாக இருந்தது.

தவக்காலம் தொடங்கியபோது கட்டுகளை வெட்டினார்கள். வெளியே வந்த கைகள் மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையவோ போலக் கிடந்தன. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போனாள். ஆறாம் ஸ்தலத்தில் எல்லோரும் முழந்தாளிட்டார்கள். கையை ஊன்ற முடியாததால் அவள் வாங்குப்பலகையில் இருந்தபடியே படத்தைப் பார்த்தாள். இத்தனை வருடமும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்திருக்கிறாள். இந்தமுறை அவளுடைய கண் துணிக்குள் இருந்த முகத்துக்குப் போனது. அந்த முகம் துடைக்க விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பங்குனி முடிவில் ஒருநாள், வேலைக்கு இல்லை, பார்ப்பதற்காக இல்லத்துக்குப் போனாள். அமிர்தநாதர் யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். அன்றைக்கு அவருக்குத் தெளிவான நாள்.

"மாஸ்டர், நான் பேர்ணடெற்."

"தெரியும். கையில என்ன?"

"விழுந்திட்டன். ரெண்டும் முறிஞ்சு போச்சு."

அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். தன் நடுங்குகிற கைகளையும் பார்த்தார்.

"அப்ப உம்மை ஆர் குளிப்பாட்டினது?"

ஒருவரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

"ஒரு பிள்ளை வந்தவ, மாஸ்டர்."

"கதவைச் சாத்தினவவோ?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சாத்தினவ. எண்டாலும் நான் சாத்தச் சொல்லிக் கேட்டனான்."

"கேக்கத்தான் வரும்" என்றார் அவர்.

அவள் பக்கத்தில் இருந்து, ஏன் என்று கேட்டாள். அவர் மெதுவாக, சொல்லுக்குச் சொல் நின்று சொன்னார்.

"அந்தக் கதவுக்குப் பூட்டில்லை, பிள்ளை. வெளியில ஆரும் போனாக் கைபிடி ஆடுற சத்தம் கேக்கும். இஞ்ச இருக்கிறவையளின்ர பிள்ளையளிலை அஞ்சுபேர் என்னட்டைப் படிச்சவை. தாய் தேப்பனைப் பாக்க வருவினம். நான் அவைக்கு முன்னால வெள்ளை வேட்டியோட நிண்டனான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சிலுவைப்பாதையில பத்தாம் ஸ்தலம் தெரியும்தானே. யேசுவின்ர உடுப்பை உரிஞ்சு விடுறது. மற்ற எல்லாத்துக்கும் படத்தைப் பாப்பன். அதுக்கு மட்டும் சின்னனில இருந்து நிலத்தைத்தான் பாக்கிறனான். ஆராவது ஒராள் பாக்காமல் விட்டாலே அவருக்கு ஆறுதலா இருக்கும் எண்டு நினைப்பன்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாஸ்டர்."

"நீர் பிழை ஒண்டும் செய்யேல்லை. உம்மட கை நல்ல சூடு. அவசரம்தான் கூடிப்போச்சு."

அடுத்தநாளே அவள் இல்லத்து மேலாளரைப் பார்த்தாள். கதவுக்குப் பூட்டுப் போட முடியாது, உள்ளே ஒருவர் விழுந்தால் ஆபத்து என்று அந்தப் பெண் விளக்கினாள். அப்படியென்றால் கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு திரை வேண்டும் என்றாள் பேர்ணடெற். அவளோடு வேலை செய்கிற மரிசெல் என்ற பிலிப்பீன்ஸ்காரியும் வந்து பக்கத்தில் நின்றாள். மூன்று கிழமையில் முகட்டிலிருந்து தடித்த வெள்ளைத் திரை தொங்கியது. இருபத்திரண்டு வருடமாக அது இல்லை என்பதை ஒருவரும் கவனித்திருக்கவில்லை, அவளும்தான்.

அவளுடைய வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஆட்களைக் குளிப்பாட்டுகிற வேலை அதோடு போய்விட்டது. சாப்பாட்டு மண்டபத்தில், தாங்களாகச் சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். முதல் கிழமை முழுதும் அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். கிளிபோட் தேநீர் போட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

ஆனால் செவ்வாயும் வெள்ளியும், அமிர்தநாதரின் குளிப்பு நேரத்தில், அவள் தன்னுடைய இடைவேளையை எடுத்துக்கொள்வாள். மரிசெல் உள்ளே குளிப்பாட்டுவாள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்லவும், சொல்லிவிட்டு அவர் தலையாட்டும்வரை நிற்கவும் பேர்ணடெற் அவளுக்குச் சொல்லியிருந்தாள். பேர்ணடெற் திரைக்கு இந்தப் பக்கம், கதவில் முதுகு சாய்த்து நிற்பாள்.

"காவல் இருக்கோ?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"இருக்கு, மாஸ்டர்."

"பலமோ?"

"நல்ல பலம்."

ஆவி திரையைத் தாண்டி வந்து அவளுடைய முகத்தில் படும். அந்தப் பத்து நிமிடமும் அவள் ஒன்றும் செய்யமாட்டாள். செபமாலைகூடச் சொல்வதில்லை. அப்படிச் சும்மா நிற்பதே செபம் போல அவளுக்குப் பட்டது. அமிர்தநாதர் பிறகு ஒருநாளும் யாரையும் தள்ளவில்லை.

அந்த வருடம் கார்த்திகையில் அவருக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு, மரிசெல் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. மகன் யூட்சன் றிச்மண்ட் ஹில்லில் இருந்து வந்துகொண்டிருந்தார். வழியில் வாகன நெரிசல். அவர் வருவதற்குள் உடம்பைக் கழுவி வைக்கவேண்டும். மரிசெல் மண்டபத்துக்கு வந்து பேர்ணடெற்றைக் கூப்பிட்டாள்.

பாரமான வேலையை மரிசெல் செய்தாள். முகம் பேர்ணடெற்றுக்கு. சின்னத் துணியை வெந்நீரில் நனைத்து, இடது கையால் பிழிந்தாள்.

"மாஸ்டர், முகம் துடைக்கப் போறன்" என்று சொன்னாள்.

சொல்லிவிட்டு நின்றாள். மரிசெல்லும் நின்றாள். பிறகு நெற்றியிலிருந்து தொடங்கினாள்.

யூட்சன் வந்து தகப்பனின் கால்மாட்டில் நின்றார். "அப்பா கடைசியா ஏதும் சொன்னவரோ, அன்ரி?" என்று கேட்டார்.

அவருக்கு ஏதாவது அழகாகச் சொல்லிவிடலாம் என்று பேர்ணடெற்றுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

"கதைக்க ஏலாமல் இருந்தவர், தம்பி. நேற்று நான் சூப் குடுக்கேக்க, போதும் எண்டு தலையாட்டினவர். மரிசெல் பக்கத்தில நிண்டவ. தனியப் போகேல்லை."

யூட்சன் வாய்விட்டு அழுதார். பேர்ணடெற் அவருடைய தோளில் கையை வைத்தாள். அவர் குனிந்து, சிறுபிள்ளைபோல அதில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுது முடித்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவள் மண்டபத்துக்குத் திரும்பினாள். யன்னலோர மேசையில் மிசிஸ் லாம் காத்திருந்தார். சீனத்து மூதாட்டி, தொண்ணூற்றொரு வயது, பக்கவாதத்தால் ஒரு பக்கம் வழங்காதவர். ஆங்கிலம் பத்துச் சொல் தெரியும். சூப் ஆறிக்கொண்டிருந்தது. பேர்ணடெற் கதிரையை இழுத்து, அவருடைய கண்மட்டத்துக்கு இருந்தாள். கரண்டியைக் காட்டி, அவர் வாய் திறக்கும்வரை பொறுத்து, ஊட்டினாள். மிசிஸ் லாம் இரண்டு கரண்டி குடித்துவிட்டு அவளுடைய சிவந்த கண்களை உற்றுப் பார்த்தார். வழங்குகிற கையைத் தூக்கி அவளுடைய கன்னத்தை ஒருதரம் தடவினார். பிறகு கிண்ணத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்து, "நோ சோல்ட்" என்றார்.

பேர்ணடெற் வேறொரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து ருசி பார்த்தாள். உண்மைதான். அவள் எழுந்து உப்புப் போத்தலைத் தேடிப் போனாள்.